விந்தணுவுக்குப் புரதம்: மருந்துக் கடைக்குப் போகுமுன்

கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டியும் குழந்தை இல்லையென்றால் நம் வீடுகளில் முதலில் பெண்ணைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். இத்தனைக்கும் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் ஆணின் முறை வரும். லேப்பில் ஒரு ரிப்போர்ட் கொடுப்பார்கள். அதில் ‘கவுண்ட் குறைவு’ என்று ஒரு வரி. அன்று இரவே போனில் தேடல் தொடங்கும். ஆர்ஜினின், கார்னிடின், என்-அசிட்டைல் சிஸ்டீன், டி-அஸ்பார்டிக் ஆசிட் என்று வரிசையாக டப்பாக்கள் வந்து நிற்கும். எல்லாமே அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் சின்னத் துண்டுகள்), அல்லது அமினோ அமிலத்திலிருந்து பிறந்த பொருள்கள்.

இவற்றில் எதை வாங்கலாம், எதை விடலாம், வாங்குமுன் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதை ஒன்றும் தெரியாமல் தொடங்குபவருக்காக எழுதுகிறேன். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். விந்தணு உருவாக அமினோ அமிலம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டப்பாவில் விற்கும் அமினோ அமிலத்துக்கு இருக்கும் சான்று, விளம்பரம் சொல்வதைவிட ரொம்பவே மெலிசு. சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் ஓட்டையோ பல பேருக்கு நிஜமானது, அடைப்பதும் சுலபம். ஆகவே முதலில் சரியான பரிசோதனை, அடுத்து காரணம் தேடுவது, அப்புறம் தட்டு, டப்பா கடைசியில்.

1. பரிசோதனையை ஒழுங்காகக் கொடுங்கள்

பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. விந்துப் பரிசோதனைக்கு முன் குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். ‘அதிக நாள் சேர்த்து வைத்தால் கவுண்ட் ஏறும்’ என்று 15 நாள் காத்திருந்து கொடுப்பவர்கள் உண்டு. எண்ணிக்கை கொஞ்சம் ஏறலாம், கூடவே நகரும் திறன் இறங்கிவிடும்.

மாதிரி முழுவதும் டப்பாவுக்குள் விழ வேண்டும். முதலில் வெளிவரும் பகுதியில்தான் விந்தணு அதிகம். அது தவறிப்போனால் ரிப்போர்ட்டே பொய். அப்படித் தவறியிருந்தால் வெட்கப்படாமல் லேப்பில் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் கொடுக்கலாம். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் படக் கூடாது. கடையில் வாங்கும் சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொடுக்கவும் கூடாது. வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் லேப்புக்குப் போய்ச் சேருங்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்க உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின் அளவுகள் உதவும். விந்தின் அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 16 மில்லியன் விந்தணு (அதாவது ஒரு கோடியே அறுபது லட்சம்), மொத்தமாக 39 மில்லியன், நகர்பவை 42 சதவீதம், அதிலும் முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம். இவை கீழ் எல்லைகள். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை அளந்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினரைப் பிரிக்கும் இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்றோ, மேலே இருந்தால் நிச்சயம் பிறக்கும் என்றோ பொருள் இல்லை. ‘சரியான வடிவம் 5 சதவீதம்தான், மீதி 95 சதவீதம் கோணல்’ என்று தூக்கம் கெடுபவர்களுக்கு: அது சரியான அளவுதான்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை ஏறி இறங்கும். கடந்த மூன்று மாதத்துக்குள் டெங்குவோ வேறு கடும் காய்ச்சலோ வந்திருந்தால் எண் சரிந்திருக்கும், தானாகவே மீளவும் செய்யும். சில வாரம் விட்டு இரண்டாவது முறை கொடுத்துப் பார்ப்பதுதான் முறை.

2. டாக்டர் தொட்டுப் பார்க்கட்டும்

இரண்டாவது ரிப்போர்ட்டும் குறைவு என்றால் யூராலஜிஸ்ட் (சிறுநீரகப் பாதை மருத்துவர்) அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட்டிடம் (ஆண்களின் இனப்பெருக்கப் பிரச்சினைகளைப் பார்ப்பவர்) போங்கள். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினால் போதாது, உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருக்கும் வேரிகோசில், குழந்தை பெறுவதில் சிக்கல் உள்ள ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோரிடம் காணப்படுகிறது. நின்றபடி கையால் தொட்டுப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும். ஹார்மோன் கோளாறு, சின்ன வயதில் இறங்காத விதை, பெரியவரான பிறகு வந்த பொன்னுக்குவீங்கி, குழாய் அடைப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. அடைப்பை எந்தப் பருப்பும் திறக்காது.

விந்தணுவே இல்லை, அதாவது பூஜ்யம் என்று வந்தாலும், மில்லிக்கு 5 மில்லியனுக்குக் கீழே வந்தாலும் இந்தக் கட்டுரையின் மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் டாக்டர். ஹார்மோன், மரபணுப் பரிசோதனைகள் தேவைப்படும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தாலும் அப்படித்தான். ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு நேராகப் போய்விட வேண்டும். சாப்பாட்டை மாற்றிக்கொண்டே வைத்தியமும் பார்க்கலாம், ஒன்று முடிந்து இன்னொன்று என்று காத்திருக்கத் தேவையில்லை.

3. அமினோ அமிலம் அங்கே செய்யும் வேலை

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் விளம்பரத்தைப் படிக்கும்போது எங்கே சிரிக்கலாம் என்று தெரிந்துவிடும்.

ஒரு விந்தணுவின் தலை ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு நீளம்தான். அதற்குள் சுமார் ஒரு மீட்டர் நீள டிஎன்ஏ இருக்கிறது. உடம்பின் மற்ற செல்களில் டிஎன்ஏவைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் இங்கே பெரும்பாலும் கழற்றப்பட்டு, புரோட்டமின் என்ற வேறொரு புரதம் ஏறுகிறது. அந்தப் புரோட்டமினில் ஏறக்குறைய பாதி ஆர்ஜினின். ஆர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம், டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் இரண்டும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் புரோட்டமினில் உள்ள சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று கந்தகப் பாலம் போட்டு, பாயைச் சுருட்டிக் கயிறு கட்டுவதுபோல் முடிச்சைப் பூட்டுகின்றன. இந்தப் பொதி தளர்ந்திருந்தால் வழியில் டிஎன்ஏ உடையும் வாய்ப்பு கூடும்.

புரோட்டமினை முதலில் பிரித்தெடுத்தவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து ஃப்ரீட்ரிக் மீஷர். ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்திலிருந்து 1874-ல் எடுத்தார். ஆக, ஆர்ஜினினுக்கும் விந்துக்கும் உள்ள உறவு பழங்கதை. மருந்துக் கம்பெனிகள் கண்டுபிடித்த ஒன்று அல்ல.

கார்னிடினை உடம்பே லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து செய்துகொள்கிறது. அதற்கு இரும்புச் சத்தும் வைட்டமின் சியும் வேண்டும். கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது இதன் வேலை. விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில்தான் விந்தணு நீந்தக் கற்றுக்கொள்கிறது. அங்கே கார்னிடின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு குவிந்து கிடக்கிறது. கார்னிடினை எல்லாரும் நகரும் திறனோடு சேர்த்துப் பேசுவது இதனால்தான்.

சிஸ்டீனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குளூட்டமேட், கிளைசின் இரண்டோடும் சேர்ந்து குளூட்டத்தயோன் ஆகிறது. ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்களைக் காக்கும் பொருள் அது. விந்தணுவின் மேல்தோல் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு நிறைந்தது, பழுது பார்த்துக்கொள்ளும் வசதியும் அதற்குக் குறைவு. அதனால் இந்தக் காவல் தேவை. மருத்துவமனைகளில் பாராசிட்டமால் அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்குக் கொடுக்கும் என்-அசிட்டைல் சிஸ்டீன்தான் இங்கேயும் பேசப்படுகிறது.

சரி, அப்படியானால் ஆர்ஜினின் தின்றால் விந்தணு பெருகுமா? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 1944-ல் அமெரிக்காவில் ஹோல்ட், அல்பனீஸ் என்ற இருவர் சில ஆண்களுக்கு ஆர்ஜினினே இல்லாத உணவை 9 நாள் கொடுத்தார்கள். விந்தணு எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காக விழுந்தது என்று எழுதினார்கள். இன்றும் விளம்பரங்களின் வேர் இந்த ஒரு சோதனைதான். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும், அப்புறம் எபிடிடிமிஸைக் கடக்க ஒன்றிரண்டு வாரம். 9 நாளில் இவ்வளவு சரிவு என்றால் அதை உற்பத்தியின் குறைவு என்று மட்டும் வைத்து விளக்க முடியாது. சோதனைக்கு உட்பட்டவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1973-ல் 178 ஆண்களுக்குத் தினம் 4 கிராம் ஆர்ஜினின் கொடுத்துப் பெரும்பாலானவர்களுக்கு முன்னேற்றம் என்று ஒரு கட்டுரை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்ஜினின் கொடுக்காத இன்னொரு குழு அதில் இல்லை. 1978-ல் இங்கிலாந்தில் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயன் தெரியவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: பற்றாக்குறை கெடுதல், அதை நிரப்பினால் நல்லது. போதுமான அளவு இருப்பவருக்கு மேலே மேலே கொட்டினால் கூடுதலாக எதுவும் நடக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அப்படியென்றால் அடுத்த கேள்வி, நமக்குப் பற்றாக்குறை இருக்கிறதா என்பதுதான்.

4. தட்டைக் கணக்குப் போடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதுங்கள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை வைத்து வாரத்தை எடை போடாதீர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம். இப்போது ஒரு சாதாரணச் சைவ நாளைப் பார்ப்போம்.

காலையில் நான்கு இட்லி, சுமார் 8 கிராம். மதியம் 150 கிராம் அரிசி வடித்த சோறு, 11 அல்லது 12. சாம்பாரை இங்கே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே’ என்று எல்லாரும் சொல்வது இதை வைத்துத்தான். நாலு பேர் வீட்டில் குக்கரில் போடும் துவரம்பருப்பு ஒரு டம்ளருக்கும் குறைவு, 120 கிராம் என்று வையுங்கள். ஒருவர் பங்கு 30 கிராம். துவரம்பருப்பில் 100 கிராமுக்குப் புரதம் 21 கிராம் போல இருக்கும். ஆக உங்கள் தட்டுக்கு வந்தது 6 கிராம் சொச்சம், அதுவும் குழம்பை மிச்சம் வைக்காமல் ஊற்றிக்கொண்டால். ரசத்தின் தெளிவில் சொல்லும்படி ஒன்றுமில்லை. பொரியல் 2, ஒரு கிண்ணம் தயிர் 5, இரண்டு டீயில் உள்ள பாலில் 3, இரவு மூன்று தோசை 8 அல்லது 9. கூட்டினால் 45 கிராம் பக்கத்தில் நிற்கிறது. 54-க்கு ஒரு 9 கிராம் துண்டு விழுகிறது, அந்த 45-லும் ஏறக்குறைய பாதி அரிசியிலிருந்து வந்தது.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துத் தின்றால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். பொங்கல், இட்லி, சாம்பார் சாதம் எல்லாமே இந்தச் சேர்க்கைதான். நிபுணர்கள் தானியத்துக்கும் பருப்புக்கும் 3:1 என்ற விகிதம் சொல்கிறார்கள். மேலே பார்த்த மதியச் சாப்பாட்டில் அது 5:1. பருப்பு விலை ஏறும் மாதங்களில் இன்னும் மோசம்.

காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் லெமன் சாதம் உருளைக்கிழங்கு, இரவு பரோட்டா சால்னா என்று ஓட்டும் தனியாள் நிலைமையை நானே கூட்டிப் பார்க்கத் துணியவில்லை. உங்கள் நோட்டில் அப்படி இருந்தால் லைசின், மெத்தியோனின், அவற்றிலிருந்து செய்யும் கார்னிடின் என்று எல்லாவற்றின் கச்சாப் பொருளுக்கும் தட்டுப்பாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஓட்டையை அடைப்பது

மூன்று இடத்தில் கை வைத்தால் போதும்.

சாயங்காலம் டீயோடு தின்னும் பிஸ்கட், பஜ்ஜிக்குப் பதில் ஒரு சுண்டல். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு என்று மாற்றி மாற்றி வையுங்கள். காய்ந்த பயறு 40 கிராம் ஊறப்போட்டால் 8 கிராம் புரதம் வந்துவிடும். முந்தின நாள் இரவே ஊறப்போட மறந்துவிடுகிறது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ஊறவைத்து வேகவைத்து, பங்கு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

ஒரு கைப்பிடி நிலக்கடலை, அதாவது 30 கிராம், வேகவைத்தோ வறுத்தோ. இதில் 7 கிராம் புரதம், ஏறக்குறைய 900 மில்லிகிராம் ஆர்ஜினின். ஆர்ஜினினைத் தேடிப் போனில் அலைகிறவர் தெருமுனையில் வண்டியில் விற்கும் வேர்க்கடலையைக் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எள்ளும் பூசணி விதையும் இதே ஜாதி. எள்ளில் மெத்தியோனினும் அதிகம் என்பதால் பருப்புக்கு நல்ல ஜோடி. இட்லிப் பொடியில் எள்ளை இன்னும் ஒரு பிடி கூட்டுங்கள்.

மூன்றாவது, முட்டை சாப்பிடுபவர் என்றால் தினம் இரண்டு. 12 கிராம் புரதம், எல்லா அமினோ அமிலமும் சரியான அளவில். மஞ்சள் கருவைத் தூக்கிப் போடாதீர்கள். மீன் பிடிக்கும் என்றால் வாரம் இரண்டு மூன்று முறை மத்தியோ நெத்திலியோ வாங்குங்கள். விலையும் கட்டுப்படியாகும், ஒமேகா-3 கொழுப்பும் கிடைக்கும். பொரிப்பதைவிடக் குழம்பு மேல். முழுச் சைவம் என்றால் பனீரோ மீல்மேக்கரோ சேருங்கள். காய்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் 15 கிராம் புரதம் இருக்கிறது. பால்கூடச் சேர்க்காதவர்கள் வைட்டமின் பி12-ஐயும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்ற பயம் உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் பெண் ஹார்மோனைப்போல லேசாக நடந்துகொள்ளும் என்பதால் கிளம்பிய பயம் அது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் தெரியவில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் குருமாவில் போட்டுச் சாப்பிடுவதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். முருங்கைக்காய்? பேர் பெற்ற அளவுக்குக் காயில் சரக்கு இல்லை. கீரையில் உண்டு, 100 கிராம் முருங்கைக்கீரையில் 6 கிராம் புரதம், கூடவே வைட்டமின் சி.

கொட்டை வகைகளுக்கு மட்டும் நேரடியான சோதனையே இருக்கிறது. ஸ்பெயினில் ரெயுஸ் நகரத்தில் 119 ஆரோக்கியமான இளைஞர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான சாப்பாட்டோடு தினம் 60 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலவையை 14 வாரம் கொடுத்தார்கள். 2018-ல் வந்த முடிவில் அவர்களுடைய விந்தணு எண்ணிக்கையும் நகரும் திறனும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. இவர்கள் நோயாளிகள் இல்லை என்பதை மறக்கக் கூடாது. நல்லது கொட்டையின் அமினோ அமிலத்தாலா, கொழுப்பாலா, வைட்டமினாலா என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. உணவில் அப்படித்தான், எல்லாம் சேர்ந்தே வரும். நம் ஊர் விலைக்குத் தினம் 60 கிராம் வால்நட் கட்டாது. பாதியை நிலக்கடலையும் எள்ளுமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் சொந்த யோசனை, அந்தச் சோதனை சொன்னதல்ல.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் அவர்களுடைய டாக்டரைக் கேட்க வேண்டும்.

6. ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு

வே புரோட்டீனால் விந்தணுவுக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டாம். அது பாலிலிருந்து எடுத்த புரதம், அவ்வளவுதான். தட்டிலேயே 60 கிராம் வந்துவிட்டால் தேவையும் இல்லை.

ஆபத்து பக்கத்து அலமாரியில் இருக்கிறது. ‘கோர்ஸ்’, ‘சைக்கிள்’ என்று பேர் வைத்து உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும் விந்தணு உற்பத்தியை அப்படியே நிறுத்தக்கூடியவை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. இது எவ்வளவு நம்பகமானது என்றால், உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்தது. 1990-ல் வந்த முடிவில், வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு பூஜ்யம். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். நீங்கள் எப்போதாவது போட்டிருந்தால், மனைவி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்தாவது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம். களைப்புக்கு என்று வேறு டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் எழுதினாலும், குழந்தைக்கு முயல்கிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

‘இயற்கையாக டெஸ்டோஸ்டிரோன் ஏற்றும்’ என்று விற்கும் டி-அஸ்பார்டிக் ஆசிட் ஒரு அமினோ அமிலம். 2015-ல் ஆஸ்திரேலியாவில் எடைப் பயிற்சி செய்யும் ஆண்களுக்குத் தினம் 6 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது.

7. அப்படியும் டப்பா வாங்குவதென்றால்

டாக்டர் எழுதித் தந்தால் சண்டை போட வேண்டாம். ஆனால் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருக்கட்டும்.

கார்னிடின்: 2000-க்குப் பிந்தைய சில வருடங்களில் இத்தாலியில் நடந்த சோதனைகளில் நகரும் திறன் கூடியது. தினம் 2 கிராம் கார்னிடின், சிலவற்றில் கூடவே 1 கிராம் அசிட்டைல் கார்னிடின். 2006-ல் அமெரிக்காவில் அதே அளவை ஒரு சின்னக் குழுவுக்கு 24 வாரம் கொடுத்தபோது வித்தியாசம் இல்லை. குமட்டலும் வியர்வையில் மீன் வாடையும் வரலாம். தைராய்டு மாத்திரையோ ரத்தம் உறையாமைக்கு வார்ஃபரினோ சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

ஆர்ஜினின் அதிகமானால் வயிற்றுப்போக்கு. ரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ, விறைப்புக்குச் சில்டனாஃபிலோ (வயாக்ரா) எடுப்பவர்களுக்கு வேண்டாம். மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்த ஒரு அமெரிக்கச் சோதனையில், ஆர்ஜினின் குழுவில் மட்டும் 6 பேர் இறந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். 2006-ல் அந்த முடிவு வெளியானது. ‘அமினோ அமிலம்தானே, என்ன செய்துவிடும்’ என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

பல சத்துகளைக் கலந்த மாத்திரைகளின் நிலை இன்னும் பலவீனம். கார்னிடின், ஜிங்க், செலினியம், ஃபோலிக் ஆசிட், வைட்டமின் சி, ஈ, டி, லைகோபீன் எல்லாம் கலந்த மாத்திரையை அமெரிக்காவில் 170-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் விந்து ரிப்போர்ட்டில் முன்னேற்றம் இல்லை. அதே வருடம் வந்த இன்னொரு பெரிய சோதனையில் 2,370 ஆண்கள். ஆறு மாதம் ஜிங்கும் ஃபோலிக் ஆசிடும் எடுத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. வயிற்றுத் தொந்தரவும் விந்தணு டிஎன்ஏ உடைவதும் நிஜ மாத்திரைக்காரர்களுக்கே கொஞ்சம் அதிகம்.

லேபிளைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள். முன்பக்கம் ‘கார்னிடின்’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் ‘எல்-கார்னிடின் எல்-டார்டரேட் 500 மில்லிகிராம்’ என்று பொடி எழுத்து. டார்டரேட் உப்பின் எடை போக அதில் கார்னிடின் 340 மில்லிகிராம் அளவுக்குத்தான். சோதனைகளில் கொடுத்த 2 கிராமை எட்ட அதில் ஆறு மாத்திரை வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெயர்களை அடுக்கி, மொத்தமாக ஒரே எடையைப் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை அங்கேயே வைத்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லாததையும் அப்படியே. எதை எடுத்தாலும் ஒரே ஒரு பொருளாக, மூன்று மாதக் கெடு வைத்து எடுங்கள். நாலு டப்பாவை ஒன்றாகத் திறந்தால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

8. மூன்று மாதம் கழித்து

தட்டை மாற்றிய நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 74 நாளும் எபிடிடிமிஸில் போகும் ஒன்றிரண்டு வாரமும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று மாதம். அதற்கு முன்னால் பரிசோதித்தால் பழைய சாப்பாட்டில் உருவான விந்தணுவைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். இடையில் சிகரெட், புகையிலை, குடி மூன்றையும் விட்டுவிடுங்கள். தொப்பை இருந்தால் குறையுங்கள். மடியில் லேப்டாப், இறுக்கமான உள்ளாடை, வெந்நீர்த் தொட்டிக் குளியல் வேண்டாம். விதை உடம்பைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைந்த சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அடுப்படி, பாய்லர் முன்னால் வேலை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறுபடி பரிசோதனைக்கு அதே லேப்புக்கே போங்கள். போன முறை எத்தனை நாள் இடைவெளி விட்டீர்களோ அதே நாள். ஒரு லேப்பின் எண்ணையும் இன்னொரு லேப்பின் எண்ணையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். 14 மில்லியன் 17 ஆனதைக் கொண்டாடவும் வேண்டாம், 17 என்பது 14 ஆனதற்கு அழவும் வேண்டாம். அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. மொத்த எண்ணிக்கையையும் முன்னோக்கி நீந்துபவற்றின் சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எண் அசையவில்லை என்றால் புது டப்பா தேடாமல், எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். மூன்று நாள் சாப்பாட்டு நோட்டு, இதுவரை தின்ற மாத்திரைகளின் அட்டைகள், மனைவியின் ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதே ஃபைலில் இருக்கட்டும். வேரிகோசிலுக்கு அறுவை வேண்டுமா, ஹார்மோன் சிகிச்சையா, செயற்கைக் கருத்தரிப்பு முறைகளா என்று அவர் பேசத் தொடங்குவார். அந்தப் பேச்சுக்கு மனைவியையும் கூட்டிப்போங்கள். சுண்டலை மட்டும் நிறுத்த வேண்டாம்.